நாம் வருகிறோம்

பிழை ஒரே ஒரு சொல்லில்தான் இருந்தது. அதுவும், எடுத்துச் சொன்னாலொழிய யார் கண்ணுக்கும் பிழையாகப் படாத சொல். திரையின் அடிப்பகுதியில், மங்கிய எழுத்தில், "நாம் வருகிறோம்" என்றிருந்தது. "நாங்கள் வருகிறோம்" என்றிருந்திருக்க வேண்டும். நேற்றுத்தான் அவள் அதைத் திருத்தி அனுப்பியிருந்தாள். அதற்கு முன்பும் ஒருமுறை திருத்தியிருந்தாள்.

கணினி விளையாட்டுகளில் வரும் தமிழ் வாசகங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது அவள் தொழில். வீட்டின் முன்னறையே அலுவலகம். ஒற்று மிகுந்தாலும் அவளுக்குத் தலைவலி, மிகாவிட்டாலும் தலைவலி என்று அவள் தங்கை கேலி செய்வதுண்டு. ஆனால் இது ஒற்றுப் பிழையைப் போல மன்னித்துவிடக் கூடியதன்று. விளையாட்டை உருவாக்கியவர்களின் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். பேசுகிறவன் கேட்கிறவனைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறானா, வாசலுக்கு வெளியே நிறுத்துகிறானா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. தமிழில் அது பெரிய பொருட்டு. 'நாம்' என்றால் கேட்பவனும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவன் வெளியே. இலக்கணம் இதற்கு 'உளப்பாடு' என்று பெயரிட்டு, தனியே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்த விளையாட்டில் வீட்டைத் தாக்க வருகிற கூட்டம், வீட்டைக் காக்கிறவளைப் பார்த்து 'நாம் வருகிறோம்' என்று சொல்ல வழியே இல்லை. சொன்னால், அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என்றாகிவிடும்.

அவள் நிரல் எழுதுகிறவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"என் பக்கம் 'நாங்கள்'னுதாங்க இருக்கு," என்றார் அவர். "இதோ, இப்பக்கூடத் திறந்து வெச்சுப் பார்த்துட்டுத்தான் பேசறேன்."

"எனக்கு 'நாம்'னு வருதே?"

"பழைய பதிப்பா இருக்கும் மேடம். நீங்க ஒண்ணு பண்ணுங்க. வீடு விழும்போது ஒரு வரி வரும், அதுலயும் இப்படித்தான் வருதான்னு பார்த்துச் சொல்லிடுங்க. சேர்த்துச் சரி பண்ணிடறேன். ஆனா அதுக்கு ரெண்டு பேர் சேர்ந்து ஆடணும்."

"ஒருத்தர் ஆடினா?"

"ஒருத்தர் ஆடினா வீடு விழாது. அப்படித்தான் எழுதியிருக்கு." சற்றுத் தயங்கிவிட்டு, "யார் எழுதினாங்கன்னு என்னைக் கேக்காதீங்க. நான் வந்து சேர்றதுக்கு முன்னாடியே அது அப்படித்தான் இருந்துச்சு," என்று சேர்த்துக்கொண்டார்.

வெளியே மாலை வெளிச்சம் சுவர்களிலிருந்து கழன்றுகொண்டிருந்தது. நீளமான வீடு, வாசலை ஒட்டி முன்னறை, அதிலிருந்து ஒடுங்கிச் செல்லும் நடைவழி, அதன் முடிவில் தங்கையின் பின்னறை. அங்கிருந்து பசைநாடாவைப் பிய்க்கும் ஓசை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. தங்கை அட்டைப்பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். வார இறுதியில் அவள் போகிறாள். கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு வேறோர் ஊரில் வேலை. அங்கே ஒரு கண் மருத்துவமனையில் இவளுக்கும் இடம் கிடைத்துவிட்டது. பார்வை அளந்து கண்ணாடிக்கு எண் எழுதிக் கொடுக்கும் அதே வேலை.

"நாங்க ஒரு வீடு பார்த்திருக்கோம்க்கா," என்று அவள் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டில் 'நாம' மட்டுமே புழங்கி வந்தது. நாம சாப்பிடலாம், நாம படுக்கலாம், நாம பார்த்துக்கலாம். அன்றுதான் முதன்முறையாக 'நாங்க' வந்தது. தங்கை அதைக் கவனிக்கவில்லை. அவளால் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. இலக்கணப்படி அதில் திருத்துவதற்கும் ஒன்றுமில்லை.

அவள் பின்னறை வாசலில் போய் நின்றாள்.

"ரெண்டு ஆட்டம் ஆடணும். வர்றியா?"

"சின்ன வயசுல நீ விளையாடும்போது நான் பக்கத்துல வந்தாலே கிள்ளுவ. இப்ப மட்டும் தங்கச்சி இனிக்குதா?"

"காரியம் ஆகணும்னா கழுதைக் காலையும் பிடின்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

"சரி, கழுதை வந்தாச்சு. எங்க உதைக்கணும் சொல்லு."

இரண்டு கணினிகளும் ஒரே அறையில் இருந்தால் ஒலிவாங்கிகள் ஒன்றையொன்று கேட்டு ஊளையிடும். எனவே தங்கையைப் பின்னறையிலேயே உட்காரவைத்து, மடிக்கணினியைத் திறந்து கொடுத்து, ஹெட்போனை அவளே தங்கையின் தலையில் மாட்டினாள். தங்கையின் வகிடு நேராக நிற்காது. குழந்தையாக இருந்தபோது கதவு விளிம்பில் மோதித் தையல் போட்ட இடத்தில், ஆறு கல்லைக் கண்டு விலகுவதுபோல இடப்பக்கம் வளைந்து, பிறகு நேராகும். விரல் அந்த வளைவில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கியது.

"பேன் பார்க்கிறியா, ஹெட்போன் மாட்டறியா?" என்றாள் தங்கை.

விளையாட்டு எளியது. ஒரு சாம்பல் நிற வெளி. அதன் நடுவே வளைந்து வளைந்து வரும் பாதை. பாதையின் முடிவில் ஒரு வீடு. வருவோர் பாதை வழியே வருவார்கள். அவர்களை வீட்டுக் கதவைத் தொடவிடாமல், பாதையோரத்தில் கோபுரங்களை எழுப்பித் தடுக்க வேண்டும். கோபுரங்கள் இரண்டு வகை. மணிக்கோபுரம் ஒலித்தால் வருவோர் நின்றுவிடுவார்கள். விளக்குக்கோபுரத்தின் ஒளி பட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவர்கள் மெல்ல மெல்லத் தரையோடு கலந்து மறைந்துவிடுவார்கள். பாதையின் முற்பாதி அவள் திரையில். வீடு உள்ள பிற்பாதி தங்கையின் திரையில். அவள் கையைத் தப்பியவர்கள் தங்கையிடம் போவார்கள். எல்லாவற்றையும் நேர் மேலிருந்து பார்க்கும்படி வரைந்திருந்தார்கள். ஆகையால் வருவோருக்கு உருவம் என்று எதுவும் தெரியாது. தலைகள் மட்டும். கருந்தலைகள், நரைத்தலைகள், நடுவே வெள்ளைக் கோடாக வகிடுகள்.

ஆட்டம் தொடங்கியது. தங்கையின் குரல் அவளுக்கு இருமுறை கேட்டது: முதலில் நடைவழியாக, கதவுகளின் மரத்திலும் சுவர்களின் ஈரத்திலும் தேய்ந்து, மனிதக் குரலாக, பிறகு, ஒரு மூச்சளவு பிந்தி, ஹெட்போனுக்குள் தகரம் பூசிய நகலாக. தான் சொன்னதைத் தானே வழிமொழிவது போல. கணினி வழியாகச் சுற்றி வருகிற ஒலிக்கு அந்தத் தாமதம் இயல்பு. அவள் அதற்குச் சீக்கிரமே பழகிவிட்டாள்.

"அக்கா, மூணாவது வளைவுல ஒருத்தன் போறான் பாரு. பொடி எழுத்தெல்லாம் படிப்ப, எதிர்ல வர்ற ஆள் தெரிய மாட்டேங்குது உனக்கு."

"தெரியுது, தெரியுது. மணி அடிச்சாச்சு."

"இப்ப எப்படி? தெளிவா இருக்கா? இல்ல, முன்னாடி தெளிவா இருந்துச்சா?"

மருத்துவமனையில் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு நோயாளிகளைக் கேட்கும் கேள்வி அது. அவள் சிரித்தாள். விளக்குகளின் மஞ்சள் வட்டங்களில் தலைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. பாதை வெறுமையானது.

"நாம ஜெயிச்சிட்டோம்!" என்று நடைவழி கூவியது. "நாம ஜெயிச்சிட்டோம்!" என்று ஹெட்போன் வழிமொழிந்தது.

அந்தச் சொல்லை அவள் இருமுறை கேட்டாள்.

பிறகு வேலை நினைவுக்கு வந்தது. தோற்றுப் பார்த்தால்தான் தோல்விக்கான வாசகத்தைப் படிக்க முடியும். அவள் தொழிலின் எழுதப்படாத விதி அது.

"சரி, இப்பத் தோக்கணும்."

"என்னது?"

"வீடு விழணும்டி. அந்த வரியைப் பார்க்கத்தானே உன்னைக் கூப்பிட்டேன். நான் என் பக்கம் எல்லாக் கோபுரத்தையும் எடுத்துடறேன். நீயும் எடுத்துடு."

"கஷ்டப்பட்டு வெச்சதை நானே எடுக்கணுமா? தோக்கறதுக்குக் கூடவா ஆள் வெச்சிருக்காங்க?"

"எடுடி."

அவள் தன் பாதியிலிருந்த கோபுரங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். ஒவ்வொரு நீக்கத்துக்கும், ஊதி அணைத்த சுடரின் ஓசை மெல்லக் கேட்டது. யாரோ செய்திருந்த நுணுக்கமான வேலை. வருவோரின் அடுத்த அலை புறப்பட்டது. திரையின் அடியில் அதே வரி: நாம் வருகிறோம். தலைகள் அவசரமில்லாமல், ஒன்றின்பின் ஒன்றாக, நீரில் நனைந்த பாதங்கள் தரையில் படும் ஓசையோடு அவள் பாதியைக் கடந்து போயின.

"அக்கா."

"ம்?"

"இந்த வீட்டுக்குள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. வெறும் படம்."

"யாரும் இல்லைன்னா எதுக்கு இத்தனை காவல்?"

"அதை எழுதினவனைக் கேளு. விளக்கை எடுத்துட்டியா?"

"ஒண்ணு மிச்சம் இருக்கு. கதவுக்குப் பக்கத்துல இருக்கிறது." குரல் தாழ்ந்தது. "ஏனோ மனசு வரலக்கா. இதை மட்டும் விட்டுடலாமே."

"ஒண்ணு இருந்தாலும் வீடு விழாது. எடு. சீக்கிரம் முடிச்சுட்டு டீ குடிக்கலாம்."

ஊதி அணைத்த ஓசை கேட்டது. நடைவழியில் ஒருமுறை. ஹெட்போனில் ஒருமுறை.

ஈரக் காலடிகள் நின்றன. இசை ஏதாவது வர வேண்டும். வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று என்று எல்லா விளையாட்டிலும் இருக்கும். எதுவும் வரவில்லை. மரக்கதவு ஒன்று திறந்து, நெடுநேரம் திறந்தே இருந்து, பின்பு உட்புறமிருந்து சாத்தப்படும் ஓசை மட்டும். திரையில் எழுத்துகள் தோன்றின.

நாம் வந்துவிட்டோம்.

இதிலும் அதே பிழை. அவள் அதைக் குறித்துக்கொண்டாள். ஒரு கடமை முடிந்த நிறைவு கூட அவளுக்கு இருந்தது.

"கிடைச்சிடுச்சு. எழுந்து வா."

"கொஞ்சம் இரு," என்றாள் தங்கை. "நாங்க இன்னும் முடிக்கல."

"நாங்களா? போன்ல அவரு இருக்காரா?"

"இல்ல."

"பின்ன 'நாங்க'ன்னா யாருடி?"

"நாங்கதான்."

அப்போதுதான் அது அவள் காதில் உறைத்தது. சொல் அன்று, வரிசை. 'நாங்கதான்' என்று முதலில் ஹெட்போனில் கேட்டது. அதன் பிறகே, ஒரு மூச்சளவு பிந்தி, நடைவழியில் கேட்டது. கம்பியைச் சுற்றி வரவேண்டிய நகல் முந்திக்கொள்ள, நேரே வரவேண்டிய குரல் அதைப் பின்பற்றிச் சொன்னது, பாடம் கேட்டு ஒப்பிப்பதுபோல. அதோடு, நடைவழிக் குரல் ஒரே இடத்தில் முடியவும் இல்லை. ஒரு தொண்டை முடித்த பிறகு இன்னொன்று முடித்தது. அதற்கும் பிறகு ஒன்று.

அவள் ஹெட்போனை மெல்லக் கழுத்துக்கு இறக்கினாள். வீட்டில் வழக்கமான ஓசைகள் இருந்தன. குளிர்பெட்டியின் முனகல், மேல்தளத்தில் யாரோ நாற்காலி இழுப்பது, தெருவில் போன வண்டி. ஆனால் வாடை புதியது. நடைவழியிலிருந்து தவழ்ந்து வந்தது. ஈரம் உலராமலே இறுக முடிந்து வைத்துவிட்ட கூந்தலின் வாடை. புளிப்பும் எண்ணெய்ச் சிக்கும் கலந்த, ஒரு தலையிலிருந்து மட்டும் அவ்வளவு வர முடியாத வாடை.

அவள் எழுந்து நடைவழியின் முனைக்குப் போனாள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. அவள் சாத்திவிட்டு வரவில்லை. கதவின் அடியிடுக்கில் திரையின் நீல ஒளி கோடாகக் கிடந்தது. அந்தக் கோட்டை இடையிடையே கருமை துண்டித்திருந்தது. நாற்காலி ஒன்றுக்குக் கால்கள் நான்கு, உட்கார்ந்திருப்பவளுக்கு இரண்டு என்று எப்படிக் கூட்டினாலும் அத்தனை துண்டுகள் வரமாட்டா. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, துண்டுகளில் ஒன்று மெல்லப் புரண்டு, அவள் பக்கமாகத் திரும்பியது.

வாசற்கதவு அவளுக்குப் பின்னால் இருந்தது. தாழ்ப்பாள் கூடப் போடவில்லை. நான்கு எட்டு வைத்தால் படிக்கட்டு, விளக்கு, பக்கத்து வீட்டுக்காரர்கள். ஆனால் அந்த வாசலை அவள் தனியாகத்தான் தாண்ட வேண்டியிருக்கும். அந்த நினைப்பே அவள் கால்களைப் பிணைத்தது.

"வெளிய வாடி," என்றாள். அதட்டுவதாகத்தான் நினைத்தாள். கெஞ்சலாக வந்தது.

பதில் கழுத்திலிருந்து வந்தது. ஹெட்போன் தன் வாயை அவள் தொண்டைக்குழியில் வைத்துப் பேசியது.

"அக்கா, அடுத்த அலை. இப்ப உன் பக்கம்."

அவள் திரையைப் பார்த்தாள். பாதை அப்படியே இருந்தது, வளைவுகளும் அப்படியே. போக்கு மட்டும் மாறியிருந்தது. இதுவரை அவள் பாதியிலிருந்து தங்கையின் பாதிக்குப் போன பாதை, இப்போது தங்கையின் பாதியிலிருந்து அவளை நோக்கி வந்தது. அது முடியும் இடத்தில் வீடு வரைந்திருக்கவில்லை. திரையின் விளிம்பு மட்டும் இருந்தது.

நடைவழியின் கோடியில் தாழ்ப்பாள் விலகியது.

முதல் தலை திரைக்குள் நுழைந்தது.

அவள் மேசைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிந்திக்கவில்லை. கை தானாக மவுஸைப் பற்றியது. மணிக்கோபுரம் ஒன்றை முதல் வளைவில் நட்டாள். மணி ஒலித்தது. திரையில் தலை நின்றது. நடைவழியில் ஈரக் காலடி நின்றது.

இரண்டும் ஒரே கணத்தில்.

அவள் விளக்கு நட்டாள். ஒளி விழுந்தது. தலை தாழ்ந்தது. நடைவழியின் இருட்டில், ஏதோ ஒரு கனம் தரையில் மெத்தென்று உட்கார்ந்தது. சற்று நேரம் மூச்சு வாங்கியது. பிறகு அந்த மூச்சும் இல்லை.

தடுக்கலாம். தடுக்க முடியும். அந்த ஓர் எண்ணம் அவள் உடம்பெங்கும் சூடாகப் பரவியது. அவள் பாதை நெடுக நட்டுக்கொண்டே போனாள். மணி, விளக்கு, மணி, விளக்கு. தலைகள் வந்தன. நின்றன. தாழ்ந்தன. நடைவழியில் மெத்து மெத்தென்று கனங்கள் அமர்ந்துகொண்டிருந்தன. வாடை குறைந்தது போலக் கூட இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. எல்லாம் மேலிருந்து தெரிந்தது. எண்ணெய் வழியும் தலைகள். நேரான வகிடுகள்.

இடப்பக்கம் வளைந்த ஒரு வகிடு.

ஆறு கல்லைக் கண்டு விலகுவதுபோல. பிறகு நேராக.

அவள் கை நின்றது. விளக்கு நிற்கவில்லை. மஞ்சள் வட்டம் அந்தத் தலைமேல் விழுந்தது. நடைவழியில், மற்றக் கனங்களைவிட இலேசான ஒரு கனம், முழங்கால் முட்டி தரையில் இடிக்க, உட்கார்ந்தது.

"அக்கா." ஹெட்போனில் இல்லை. நடைவழியில் மட்டும். ஒரே தொண்டை. தகரம் பூசாத, அழுகையில் மூக்கடைத்த, தங்கை பிறந்த நாள் முதல் அவளுக்குத் தெரிந்த குரல். "விளக்கை எடுக்கா. கண்ணு கூசுது."

"நீதானா?" என்றாள் அவள். "நீதானாடி? சொல்லு. நீ மட்டும் பேசு."

"எழுந்திருக்க முடியலக்கா. கால் தரையோட போகுது."

திரையில் அந்தத் தலையின் ஓரங்கள் கரையத் தொடங்கியிருந்தன. வகிட்டின் வளைவு மங்கியது. அதற்குப் பின்னால், வட்டத்துக்கு வெளியே, மற்றவர்கள் காத்திருந்தார்கள். பொறுமையாக. நெருக்கமாக. அந்த விளக்கை எடுத்தால் அவளும் எழுவாள், அவர்களும் வருவார்கள். எடுக்காவிட்டால் யாரும் வரமாட்டார்கள். யாருமே.

இது தங்கை இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். தங்கை அந்த அறைக்குள் இருக்கிறாள். இது அவளைப் போலப் பேசக் கற்றுக்கொண்ட ஒன்று. நல்ல வாக்கியம். பிழையில்லாத வாக்கியம். அதை நம்புவதற்கு அவளிடம் ஒரு சான்றும் இல்லை.

"அக்கா."

அவள் விளக்கை எடுத்தாள்.

ஊதி அணைத்த ஓசை. அடுத்த விளக்கையும் எடுத்தாள். அதற்கடுத்ததையும். தங்கையின் தலை மறுபடி எந்த ஒளியிலும் சிக்கிவிடக் கூடாதே என்று, பாதை நெடுக, ஒன்றுவிடாமல். மணிகளையும் எடுத்தாள். கடைசிக் கோபுரம் போனதும் திரை முழுவதும் சாம்பல் நிறமாக ஒருமுறை அசைந்து அடங்கியது. அடியில் எழுத்துகள் தோன்றின.

நாம் வருகிறோம்.

அவள் அதை நெடுநேரம் படித்தாள். பிழை இல்லை. முதல் நாளிலிருந்தே பிழை இல்லை. எழுதியவர் எவரோ, அவருக்கு இலக்கணம் நன்றாகவே தெரிந்திருந்தது. கேட்பவளையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார்.

நடைவழியில் காலடிகள் எழுந்தன. ஒன்று முன்னால். மற்றவை பின்னால். முன்னறை நிலைப்படியைத் தாண்டி, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றன.

அவள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எழுந்தாள். திரும்பினாள்.

தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அதே வீட்டு உடை. தோள்பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டுப் பசைநாடா. இடுப்புவரை தொங்கிய பின்னலிலிருந்து நீர் சொட்டியது. அந்த நடைவழி முழுவதையும் பின்னோக்கியே நடந்து வந்தவளைப் போல, அவள் குதிகால்கள் இவளை நோக்கியிருந்தன.

"திரும்பு."

திரும்பவில்லை.

"என்னைப் பாருடி."

"நாம போலாம்க்கா," என்றது குரல், தலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "இனிமே நாமதான்." நடைவழி நெடுக இருட்டு அதை வழிமொழிந்தது. நாமதான். நாமதான்.

அவள் தங்கையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள்.

முன்பக்கத்தில் பின்னல் தொங்கியது.

மறுபடி சுற்றினாள். பின்னல். தோளில் பசைநாடா. மறுபடி. பின்னல். எந்தப் பக்கம் போய் நின்றாலும் அவளுக்குக் கிடைத்தது முதுகுதான். கதவோரத்தில் நின்ற மற்றவர்களுக்கும் முதுகுதான். நடைவழியின் இருட்டில் அடுக்கடுக்காக, எண்ணெய் மின்ன, பின்தலைகள்.

முகம் எங்கேயாவது இருக்க வேண்டும். அவள் அந்த ஈரப் பின்னலைப் பற்றினாள். கனத்தது. ஒரு பக்கமாக ஒதுக்கினாள். அதன் அடியில் பின்கழுத்து. வெளுத்த தோல். பூனைமயிர்.

அவள் விரல்கள் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தத் தோல் மெல்ல உள்வாங்கியது; பிறகு வெதுவெதுப்பாக, அவள் விரல்களின்மேல், மூச்சு விட்டது.